மிக்கி மவுஸ் பட்டமா? ஓர் எலியின் பெயர் ஏளனச் சொல்லான கதை

பிரிட்டனில் தேர்தல் நெருங்கினாலும் சரி, கல்விக் கட்டணம் பற்றிப் பேச்சு எழுந்தாலும் சரி, அங்குள்ள செய்தித்தாள்களில் ஒரு சொல் தவறாமல் தலைகாட்டும்: 'மிக்கி மவுஸ் டிகிரி'. பிள்ளையை லண்டனுக்கோ லீட்ஸுக்கோ அனுப்ப வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருக்கும் நம்மூர்க் குடும்பம் இதைப் படித்தால் தலை சுற்றும். கார்ட்டூன் வரையக் கற்றுத்தரும் படிப்பா? போலிப் பல்கலைக்கழகமா? அங்கீகாரம் இல்லாத பட்டமா?

மூன்றும் இல்லை. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் முறைப்படி தரும் பட்டம்தான் அது. 'இதெல்லாம் ஒரு படிப்பா?' என்று முகம் சுளிப்பவர்கள் வைத்த பெயர். கேட்பதற்குக் குற்றச்சாட்டு மாதிரி இருக்கும். ஆனால் குற்றம் என்ன என்பதை மட்டும் சொல்லாது. சுலபம் என்கிறார்களா, சிறுபிள்ளைத்தனம் என்கிறார்களா, காசுக்குப் பிரயோஜனம் இல்லை என்கிறார்களா என்பதைக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

சொல்லின் இலக்கணம்

ஒருவரின் பெயரை எடுத்து இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. நாரதர் வேலை, கும்பகர்ணத் தூக்கம், சகுனித்தனம் என்று தினமும் சொல்கிறோம். அந்தப் பாத்திரத்தின் குணம் அப்படியே சொல்லுக்குள் இறங்கிவிடுகிறது. கும்பகர்ணன் தூங்கினான், எனவே அவன் பெயரில் ஒரு தூக்கம்.

மிக்கி மவுஸ் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அந்த எலி சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை. 'குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படம்' என்ற ஒரே காரணத்துக்காக அதன் பெயர் ஏளனமாகியது. பேச்சு ஆங்கிலத்தில் அது இன்று பெயரடையாகவே புழங்குகிறது, குறைந்தது நான்கு பொருளில்:

1. மிகச் சுலபமானது. கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடக்கூடிய பாடம், தேர்வு.
2. கற்றுக்குட்டித்தனமானது. பெரியவர்கள் நடத்துகிற லட்சணம் இல்லாத நிறுவனம், அணி, ஏற்பாடு.
3. மதிப்பற்றது. பார்க்க அசல் மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் ஒன்றுக்கும் உதவாது.
4. அற்பமான விதி. செய்தே ஆக வேண்டும், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. படை முகாம்களில் பிறந்த பொருள் இது.

நான்கும் வேறு வேறு புகார்கள். சுலபமான படிப்பு மதிப்பற்றதாக இருக்க வேண்டியதில்லை. அற்ப விதியைக் கடைப்பிடிப்பது பெரும்பாலும் சுலபமே இல்லை. ஆனால் சொல் ஒன்று என்பதால், ஒரு புகாரைச் சொல்லி நான்கையும் ஏற்றிவிடலாம். அரசியல்வாதிகளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இதே குடும்பத்தின் மற்ற சொற்கள்

ஆங்கிலத்தில் 'சுலபம்' என்பதைச் சொல்ல உணவும் குழந்தைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் மிக்கி மவுஸ் எங்கே வேறுபடுகிறது என்று தெரியும்.

'கிட் ஸ்டஃப்' என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் 'கிட்ஸ் ஸ்டஃப்' என்பார்கள். சிறுபிள்ளைகளுக்கானது, அதனால் எனக்கு மிகச் சுலபம் என்ற இரண்டு பொருளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். 'கிட்' என்பதற்கு முதலில் ஆட்டுக்குட்டி என்றுதான் பொருள்; குழந்தை என்ற பொருள் பின்னால் ஏறியது. தமிழிலும் குட்டி அதே வேலையைச் செய்கிறது. ஆட்டுக்குட்டியிலும் இருக்கிறது, கற்றுக்குட்டியிலும் இருக்கிறது. பக்கத்து மலையாளத்தில் குட்டி என்றாலே குழந்தை.

'சைல்ட்ஸ் ப்ளே', அதாவது பிள்ளை விளையாட்டு, மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், யோசிக்காமல் பெண் எடுப்பது பிள்ளை விளையாட்டு இல்லை என்று ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைக்கிறார். இன்றும் இந்தத் தொடர் பெரும்பாலும் 'இல்லை' என்ற சொல்லோடுதான் வருகிறது. நாமும் 'இது என்ன சின்னப் பிள்ளை விளையாட்டா?' என்று கேள்வியாகத்தானே கேட்கிறோம்!

'பீஸ் ஆஃப் கேக்' என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. 'கேக்வாக்' அதன் உறவுபோலத் தோன்றும், ஆனால் அதன் பிறப்பு வேறு. அமெரிக்கத் தெற்கில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர், எஜமானர்களின் நடன மிடுக்கைக் கேலி செய்து ஆடிய ஆட்டம் அது. சிறப்பாக ஆடியவருக்குப் பரிசு ஒரு கேக். காலப்போக்கில் சிரமமில்லாத வெற்றிக்கு அந்தப் பெயர் வந்தது. 2002 பிப்ரவரியில், ரீகன் ஆட்சியில் பணியாற்றிய கென் அடெல்மன் என்பவர், சதாம் உசேனின் படைபலத்தை நொறுக்கி இராக்கை விடுவிப்பது 'கேக்வாக்' என்று வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். படையெடுப்பு 2003 மார்ச்சில் தொடங்கியது, மூன்று வாரத்தில் பாக்தாத் விழுந்தது. அதுவரை அவர் சொன்னது சரி. அப்புறம் அமெரிக்கப் படை வெளியேற 2011 டிசம்பர் ஆகிவிட்டது; அவர்கள் பக்கம் மட்டும் சுமார் 4,500 பேர் இறந்திருந்தார்கள். போர் பற்றிய விவாதங்களில் அந்த ஒரு சொல் அவரை விடாமல் துரத்தியது.

இப்போது வேறுபாட்டுக்கு வருவோம். 'பீஸ் ஆஃப் கேக்' வாக்கியத்தின் பயனிலையாக வரும்: அந்தத் தேர்வு எனக்கு அல்வா. இதில் தேர்வுக்கு அவமானம் இல்லை, எழுதியவருக்குத்தான் பெருமை. 'மிக்கி மவுஸ்' பெரும்பாலும் பெயருக்கு முன்னால் போய் உட்காரும்: மிக்கி மவுஸ் தேர்வு. இதில் பேசுபவர் அந்தத் தேர்வை எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னது அனுபவத்திலிருந்து வருகிறது; பின்னது எட்ட நின்றே ஒட்டிவிடக்கூடிய முத்திரை.

எலி எப்படி மாட்டிக்கொண்டது?

வேடிக்கை என்னவென்றால், சுலபத்துக்கு அடையாளமாகிப்போன அந்த எலி பிறந்தது மிகக் கடினமான ஒரு வேலையில். 'ஸ்டீம்போட் வில்லி' 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் வெளியானது. வால்ட் டிஸ்னியும் ஓவியர் அப் ஐவர்க்ஸும் உருவாக்கிய, எட்டு நிமிடத்துக்கும் குறைவான படம். வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் கையால் வரைந்த படத்தோடு இசையும் ஓசையும் இம்மி பிசகாமல் சேர வேண்டும். முதல் ஒலிப்பதிவு சொதப்பியது. இரண்டாவது முறைக்குப் பணம் புரட்ட டிஸ்னி தன் காரை விற்றார். இசைக்குழுவை நடத்துபவர் தாளம் தவறாமல் இருக்கப் படச்சுருளிலேயே அடையாளப் புள்ளி வைத்தார்கள். அதில் மிக்கி, பசுவின் பற்களைச் சைலோஃபோன் போலத் தட்டி வாசிக்கிறான். ஒவ்வொரு தட்டலுக்கும் சரியாக ஒரு சுரம்.

ஏளனம் கிளம்பியதும் இந்தத் துல்லியத்திலிருந்துதான். மூன்று நான்கு கிளைகளாக அது பரவியதைப் பின்தொடரலாம்.

1. இசை. திரையில் ஒருவன் படியிறங்கினால் இசையும் படிப்படியாக இறங்குவது, வழுக்கினால் வயலினும் வழுக்குவது என்ற உத்திக்கு 'மிக்கி மவுஸிங்' என்று பெயர் விழுந்தது. 1933இல் வந்த 'கிங் காங்' படத்துக்கு இசையமைத்த மேக்ஸ் ஸ்டைனர் பெயரோடு இது அதிகம் சேர்த்துப் பேசப்படும். அதே 1930களில் ஜாஸ் கலைஞர்கள், மழுமழுப்பாக வாசிக்கும் ஹோட்டல் நடனக் குழுக்களை 'மிக்கி மவுஸ் பேண்ட்' என்று நக்கலடித்தார்கள். பெயரடையாகப் புழங்கிய பழைய தடங்கள் இங்கே கிடைக்கின்றன.

2. சரக்கு. 1933இல் இங்கர்சால் நிறுவனம் மிக்கி மவுஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. முட்களுக்குப் பதில் மிக்கியின் கைகள் நேரம் காட்டும். மூன்று நான்கு டாலர் விலை, சக்கைப்போடு போட்டது. பென்சில் டப்பா, தட்டு, பொம்மை என்று எதிலும் எலி. மலிவுப் பொருளோடு பெயர் ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

3. படை. இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க முகாம்களில், பொருளில்லாத கெடுபிடிகளுக்கு மிக்கி மவுஸ் என்று பேர். இது வெறும் சிப்பாய்ப் பேச்சாக நின்றுவிடவில்லை. 1970 நவம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி எல்மோ சம்வால்ட், தாடி, கிருதா, உடை ஆகியவை குறித்த எரிச்சலூட்டும் விதிகளைத் தளர்த்தி ஓர் ஆணை பிறப்பித்தார். கடற்படையில் மிக்கி மவுஸ் என்று அழைக்கப்படும் விதிகள் ஒழிய வேண்டும் என்று அந்த அதிகாரபூர்வ ஆணையிலேயே எழுதியிருந்தது. அரசு ஆவணத்தில் ஒரு நக்கல் சொல்லுக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

4. கல்லூரி. போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் சுலபமான பாடத்துக்கு இந்தப் பெயர் வந்தது. மாணவர்களிடம் இதற்குத் தனி அகராதியே உண்டு: விளையாட்டு வீரர்கள் தேறுவதற்கென்றே வைத்த நிலவியல் பாடத்துக்கு 'ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்', கணக்கு இல்லாத இயற்பியலுக்குக் 'கவிஞர்களுக்கான இயற்பியல்', எதற்கும் உதவாத எதற்கும் 'நீருக்கடியில் கூடை முடைதல்'.

பணமாக இருந்தபோது

மூன்றாவது பொருளான மதிப்பின்மை எவ்வளவு கனமானது என்பதைப் பார்க்க பிலிப்பைன்ஸுக்குப் போக வேண்டும். 1942 முதல் 1945 வரை அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியப் படை, பெசோ நோட்டுகளைத் தானே அச்சிட்டது. பின்னால் தங்கமோ கையிருப்போ கிடையாது. தேவைப்பட்டபோதெல்லாம் அச்சு ஓடியது. விலைவாசி எகிற, சந்தைக்குப் பையில் பணம் கொண்டுபோய்க் கையில் பொருள் வாங்கி வர வேண்டிய நிலை. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மிக்கி மவுஸ் பணம்'. இதே காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பான் அச்சிட்ட பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்ததால், அங்கே அது வாழைப் பணம். தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் போர் முடிந்தபோது கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு விழித்தது இந்தக் காகிதத்தைத்தான்.

பிலிப்பைன்ஸில் இதற்கு ஒரு சட்டத் தொடர்ச்சி உண்டு. போருக்கு முன் நல்ல பணத்தில் வாங்கிய கடனை, போர்க்காலத்தில் இந்த மிக்கி மவுஸ் பணத்தில் அடைத்தவர்கள் இருந்தார்கள். வங்கிகள் ஏற்க மறுத்தன. ஹாவ் பியா எதிர் சைனா பேங்கிங் கார்ப்பரேஷன் வழக்கில், 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடன் அடைந்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஊரே எலிப்பணம் என்று சிரித்த காகிதம், நீதிமன்றத்தில் கடனைத் தீர்த்த பணமாக நின்றது. இந்த முத்திரைக்குச் சட்டத்தில் எடை இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மைதானத்தில்

விளையாட்டில் இந்தச் சொல் கற்றுக்குட்டித்தனத்தையும் மதிப்பின்மையையும் சேர்த்தே குறிக்கும். பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத கோப்பைகளை ஆங்கிலக் கால்பந்து ரசிகர்கள் மிக்கி மவுஸ் கோப்பை என்பார்கள். 2001இல் லிவர்பூல் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, யுஇஎஃப்ஏ கோப்பை மூன்றையும் வென்றபோது, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் அதை 'மிக்கி மவுஸ் ட்ரெபிள்' என்றார்கள். இரண்டே வருடம் முன்பு யுனைடெட் வென்ற மூன்றில் பிரீமியர் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் இருந்தன. பொறாமை என்று முழுவதும் தள்ளிவிட முடியாது.

ஐஸ் ஹாக்கியில் நடந்தது இன்னும் சுவையானது. 1983 நவம்பர் 19 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி, நியூஜெர்சி டெவில்ஸ் அணியை 13–4 என்று துவைத்தது. ஆட்டம் முடிந்ததும் ஆயிலர்ஸின் நட்சத்திர வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, டெவில்ஸ் நிர்வாகம் ஒரு மிக்கி மவுஸ் அமைப்பை ஆடவிட்டு விளையாட்டையே கெடுக்கிறது என்று பொரிந்து தள்ளினார். சில வாரங்கள் கழித்து அவர் அணி நியூஜெர்சிக்கு வந்தபோது, ரசிகர்கள் மிக்கியின் காதுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பின்னாளில் டெவில்ஸ் 1995, 2000, 2003 என மூன்று முறை அந்த விளையாட்டின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2003 இறுதிச் சுற்றில் அவர்கள் தோற்கடித்த அணி மைட்டி டக்ஸ் ஆஃப் அனஹெய்ம். அதன் அப்போதைய உரிமையாளர் டிஸ்னி நிறுவனம்.

2020இல் கொரோனா காலத்தில் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரை ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் ரசிகர்கள் இல்லாமல் நடத்தி முடித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கோப்பையை வென்றது. எதிர் அணி ரசிகர்களுக்குச் சொல் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

தமிழில் எதைச் சொல்வது?

மொழிபெயர்ப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். 'மிக்கி மவுஸ் பட்டம்' என்று அப்படியே விட்டால் கார்ட்டூன் நினைவுக்கு வரும். 'போலிப் பட்டம்' என்று எழுதினால் பொருளே தப்பு, போலி என்பது சட்டக் குற்றம். புகார் எது என்று பார்த்துச் சொல்லைத் தேர்வதே வழி.

1. சுலபம் என்ற பொருளுக்கு 'ஜுஜுபி' அச்சாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் ஜூஜூப் என்பது இலந்தைப் பழம். அதெல்லாம் ஜுஜுபி என்றும் சொல்லலாம், ஜுஜுபி மேட்டர் என்றும் சொல்லலாம். ஆங்கிலத்துக்கு இரண்டு சொல் தேவைப்படுகிற இடத்தில் நமக்கு ஒன்று போதும்.
2. மதிப்பின்மைக்கு 'பிசாத்து', 'சப்பை'. பிசாத்துக் கோப்பை என்றால் கால்பந்து ரசிகரின் தொனி அப்படியே வந்துவிடும்.
3. நிறுவனமோ அணியோ என்றால் 'கற்றுக்குட்டி', அல்லது 'சின்னப்பிள்ளைத்தனம்'.
4. அற்ப விதிக்கு ஒற்றைச் சொல் அகப்படவில்லை. 'வெட்டிக் கெடுபிடி' என்று எழுதினால் புரிந்துவிடும்.

பட்டப்படிப்புக்குப் பத்திரிகைத் தமிழில் 'உப்புக்குச் சப்பாணிப் படிப்பு' என்று எழுதலாமே என்று தோன்றும். ஆனால் சப்பாணி என்பது உடல் ஊனத்தைக் குத்திக்காட்டும் சொல். 'உப்புச்சப்பில்லாத படிப்பு' என்றால் யாரையும் புண்படுத்தாது. பொருளும் கிட்டத்தட்ட அதுதான்.

பிரிட்டிஷ் பட்டங்களின் மேல் ஏன் விழுந்தது?

சரி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். இதற்குப் பின்னால் முப்பது வருட மாற்றங்கள் இருக்கின்றன.

1. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாயின. தொழில் சார்ந்த பாடங்கள் பட்டம் என்ற பெயரைப் பெற்றன.
2. 1998இல் வருடத்துக்கு 1,000 பவுண்ட் கட்டணம் வந்தது. 2006இல் அது 3,000, 2012இல் 9,000 வரை போனது.
3. 1999இல் பிரதமர் டோனி பிளேர், இளைஞர்களில் பாதிப் பேர் உயர்கல்விக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்.

மாணவர் எண்ணிக்கை கூடியது, புதிய பாடங்கள் முளைத்தன, பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது. பிளிமத் பல்கலைக்கழகத்தில் அலைச்சறுக்கு அறிவியல் தொடங்கியபோது கடற்கரையில் விளையாடுவதற்கு ஒரு பட்டமா என்று கேட்டார்கள். கடலியல், பலகை செய்யும் பொருட்களின் தன்மை, வணிகம் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. தலைப்பைத் தாண்டி உள்ளே பார்த்தவர்கள் குறைவு. 2000இல் ஸ்டாஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகம் டேவிட் பெக்கம் பற்றிப் பாடம் நடத்துகிறது என்று பரபரப்பு கிளம்பியது. ஒரு பாடத்தின் ஒரு பகுதிதான் அது, பட்டமே இல்லை. ஊடகவியலுக்கோ இந்த அடி ஏறக்குறைய நிரந்தரம். அடிப்பவர்கள் ஊடகக்காரர்கள் என்பது தனி வேடிக்கை.

2003 ஜனவரியில் உயர்கல்வி அமைச்சர் மார்கரெட் ஹாட்ஜ் இந்தச் சொல்லை மேடையில் பயன்படுத்தினார். சொன்னதோடு நிற்காமல் விளக்கமும் தந்தார். சாராம்சம் இரண்டு: எதிர்பார்க்கிற அளவுக்கு அறிவுக்கு வேலை வைக்காத படிப்பு, வேலைச் சந்தையில் பெரிதாகப் பயன்படாத படிப்பு. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்தார். ஆனால் இவை சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. பழங்கிரேக்க மொழி மண்டையைக் குடையும், வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கமாட்டார்கள். ஹோட்டல் நிர்வாகத்துக்கு வேலை உண்டு, தத்துவ விசாரம் இல்லை. இந்த இரண்டில் எது மிக்கி மவுஸ் என்று கேட்டால், பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். அந்த வகையில் இதற்குள் கொஞ்சம் வர்க்கமும் கலந்திருக்கிறது.

கட்டணம் ஏறியதும் புகாரின் திசை மாறியது. இங்கிலாந்தில் மாணவர் கடன், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்டும் வகை. 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு 25,000 பவுண்டுக்கு மேலுள்ள வருமானத்தில் 9 சதவீதம். 40 வருடத்தில் தீராத மிச்சத்தை அரசு தள்ளுபடி செய்துவிடும். ஆக, சம்பளம் குறைந்த பட்டதாரியின் படிப்புச் செலவு வரிகட்டுபவர் தலையில் விழுகிறது. 2023 ஜூலையில் ரிஷி சுனக் அரசு பலன் குறைந்த படிப்புகளில் மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தபோது, அதிகம் புழங்கிய சொல் 'ரிப்-ஆஃப் டிகிரி', அதாவது காசு பிடுங்கும் பட்டம். 2024 தேர்தலில் அவற்றை மூடி வருடத்துக்கு 1,00,000 தொழிற்பயிற்சி இடங்கள் என்று அவர் கட்சி வாக்குறுதி தந்தது, ஆட்சியே போய்விட்டது. சொல் மாறியதைக் கவனிக்க வேண்டும். மிக்கி மவுஸ் என்றால் சுலபமாகப் பட்டம் வாங்கிய மாணவர் மேல் கேலி. காசு பிடுங்கும் பட்டம் என்றால் விற்ற பல்கலைக்கழகத்தின் மேல் குற்றம்.

கேலியை எண்ணாக மாற்றினால்

அரசு ஒரு படிப்பை வசைபாடலாம், ஆனால் வசையை வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது. எண் வேண்டும். இங்கிலாந்தின் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ் 2022இல் முழுநேர இளங்கலைக்கு வைத்த குறைந்தபட்ச அளவுகள் இவை:

1. சேர்ந்தவர்களில் 80 சதவீதம் பேர் படிப்பைத் தொடர வேண்டும்.
2. 75 சதவீதம் பேர் முடிக்க வேண்டும்.
3. 60 சதவீதம் பேர் முடித்தபின் தகுதிக்கேற்ற வேலைக்கோ மேல்படிப்புக்கோ போக வேண்டும்.

இதில் ஒன்றுகூட 'சுலபமா' என்று கேட்கவில்லை. பார்க்கப்போனால், உண்மையிலேயே சுலபமான படிப்பை எல்லோரும் தொடர்வார்கள், எல்லோரும் முடிப்பார்கள்; முதல் இரண்டு அளவிலும் அது முதல் மதிப்பெண் வாங்கும். மாட்டிக்கொள்வது கடினமான படிப்பில் பலவீனமான பின்னணியுள்ள மாணவர்களைச் சேர்க்கும் இடங்கள்தான். கட்டுப்பாட்டு அமைப்பு சூழலையும் பார்க்கிறேன் என்கிறது, அது வேறு.

சம்பளக் கணக்கும் கேலியோடு ஒத்துப்போவதில்லை. நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டதாரிகளில் ஐந்தில் ஒருவர் பல்கலைக்கழகம் போகாமலிருந்தால் பண அளவில் மேலாக இருந்திருப்பார். வருமான ஏற்றம் குறைவாக உள்ள துறைகளில் படைப்புக் கலைகள் முன்னால் நிற்கின்றன. வயலினோ சிற்பமோ கற்பதை யாரும் ஜுஜுபி என்று சொல்லமாட்டார்கள்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு இதில் என்ன?

முதல் விஷயம், அந்த வரிப்பணக் கணக்கு நமக்குப் பொருந்தாது. வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கடன் கிடையாது. முழுக் கட்டணமும் குடும்பத்தின் பணம் அல்லது இந்திய வங்கியின் கடன். 40 வருடத்தில் தள்ளுபடி செய்ய யாரும் வரமாட்டார்கள். எனவே பட்டத்தின் தலைப்பு அங்குள்ள பத்திரிகையில் கேலிக்கு ஆளாகியிருக்கிறதா என்று தேடுவதைவிட, கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது பயன் தரும்:

1. பாடப்பட்டியல். ஒவ்வொரு வருடமும் என்ன பாடம், தேர்வா கட்டுரையா, தொழிலகத்தில் ஒரு வருடம் உண்டா என்பது பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும். சுலபமா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான்.
2. தொழில்முறை அங்கீகாரம். பொறியியல், கட்டடக்கலை, உளவியல் போன்றவற்றுக்குப் பல்கலைக்கழக அங்கீகாரத்துக்கு மேல் அந்தந்தத் தொழில் அமைப்பின் ஒப்புதல் தனியாக வேண்டும்.
3. விசா. படிப்புக்குப்பின் தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் விசா, பாடத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. அலைச்சறுக்கும் வானியலும் அதற்கு ஒன்றே. ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தங்கும் காலம் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.
4. ஊர் திரும்பினால். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தம் செய்தன. பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்கும் அதன்மூலம் இங்கே அந்தஸ்து கிடைத்தது. பாடத்தின் தலைப்பு சிரிப்பூட்டுகிறது என்பதற்காக அந்த ஒப்பந்தம் எதையும் ஒதுக்கவில்லை. அது ஒதுக்கிவைத்த பட்டியலில் இருப்பவை மருத்துவம், செவிலியர் படிப்பு, மருந்தியல், பொறியியல், சட்டம், கட்டடக்கலை. மிக்கி மவுஸ் என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லாத படிப்புகள்.